தள்ளுபடியை அழிக்கும் கருவிக்கு விளக்கம் எழுதுவது எப்படி?

ஹட்டன் தம்பி:
அக்காவோட தேயிலைக் கடை ஷாப்பிஃபையில (இணையக் கடைத் தளம்) ஓடுது. ஏஐ ஏஜென்ட்டுக்கு எம்சிபி (ஏஐயை வெளிச் சேவைகளோட இணைக்கும் நெறிமுறை) கருவி எழுதுறேன். விளக்கத்துக்கு "தள்ளுபடியை நீக்கும்" என்ற ஒரே வரி போதுமா? பொங்கல் கூப்பனை அதுவே அழிக்கணும்.

பண்டாரவளை அண்ணன்:
போதாது தம்பி. ஏஜென்ட் அந்த வரியை வாசிச்சுத்தான் முடிவெடுக்கும். "அழித்தால் மீட்க முடியாது, நிறுத்தி வைக்க மட்டும் என்றால் டிஆக்டிவேட் கருவி" என்று தொடக்கத்திலேயே போடுங்க. கோட் தள்ளுபடிக்கும் (கூப்பன் குறியீடு போட்டால் கிடைப்பது) தானியங்கித் தள்ளுபடிக்கும் வேற வேற மியூட்டேஷன் (ஷாப்பிஃபை தரவை மாற்றும் கட்டளை), அதையும் சொல்லுங்க. எம்சிபியில "இது அழிக்கும் கருவி" என்று காட்டும் டிஸ்ட்ரக்டிவ் ஹின்ட் வெறும் குறிப்புத்தான், எதையும் தடுக்காது. அழிக்கலாமா என்று கேட்டு உறுதிப்படுத்துறதைக் கருவியோட நிரல்லயே வையுங்க. பொங்கல் கூப்பனுக்கு முடிவுத் தேதி போட்டாலே அந்தத் தேதிக்குப் பிறகு அது செல்லாது.

நுவரெலியா தங்கச்சி:
பெயரை வச்சு அழிக்க விடாதீங்க அண்ணா, ஐடி மட்டும். "பொங்கல்"னு தேடினா எங்க கடையில போன வருஷத்துக் கூப்பனும் சேர்ந்து வருது. அழிக்க முடியாட்டியும் ஷாப்பிஃபைல இருந்து 200 (கோரிக்கை வெற்றி என்ற எண்) வரலாம். பதில்ல வரும் யூசர் எரர்ஸை (பிழைப் பட்டியல்) பார்க்கச் சொல்லி எழுதுங்க.