மேடு மிகுந்த சைக்ளோகிராஸ் பந்தயம்: எங்கே மிதிப்பது, எங்கே இறங்கி ஓடுவது?

மண்சக்கரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சாலைப் பந்தயங்களில் ஓரளவு பழக்கம் உள்ளவன் நான். சைக்ளோகிராஸிலும் (புல், சேறு, படிகள் கொண்ட குறுஞ்சுற்றைப் பல முறை ஓட்டி, தேவையான இடத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயம்) சமதளமான புல்வெளித் தடங்களில் கலந்துகொண்டிருக்கிறேன். ஆனால் இன்னும் எட்டு வாரங்களில் நடக்கவிருக்கும், நான் பெயர் பதிந்துள்ள பந்தயம் அவற்றிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. ஒரு சுற்று ஏறத்தாழ 3 கி.மீ.; அதற்குள் மொத்தம் 60 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். தொடக்க நேர்தடம் முடிந்த உடனே சுமார் 15 சதவீதச் சரிவுள்ள குறுகலான ஏற்றம் வருகிறது. மழை பெய்தால் அது சேறாகிவிடும். சற்றுத் தள்ளி, மிதித்தே ஏறக்கூடிய நீண்ட புல்சரிவு ஒன்று உண்டு. மூன்றாவது ஏற்றம் மண்படிகள்; அங்கே சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. படிகளின் உச்சியிலிருந்து, பக்கவாட்டில் சரிந்திருக்கும் நிலத்தில் குறுக்காக ஓட்டிச் சென்று, பிறகு செங்குத்தாக இறங்க வேண்டும். பந்தய நேரம் 50 நிமிடம்.

என் எடை 72 கிலோ. சைக்கிளில் முன்பக்கம் 40 பற்கள் கொண்ட ஒற்றைப் பல்சக்கரம், பின்பக்கம் 11 முதல் 32 பற்கள் வரையிலான கேசட் (பல்சக்கரத் தொகுதி), 33 மி.மீ. டியூப்லெஸ் டயர்கள். மாற்று சைக்கிள் இல்லை. ஒரு ஜோடி மாற்றுச் சக்கரங்கள் மட்டும் இருக்கின்றன. இந்த கியர் போதுமா, 15 சதவீத ஏற்றத்தை மிதித்து ஏறுவதா ஓடி ஏறுவதா, எட்டு வாரங்களை எப்படிப் பயன்படுத்துவது என்பவையே என் கேள்விகள்.

---

குன்றோடி

தடத்தை இவ்வளவு தெளிவாக விவரித்ததால் கணக்குப் போட்டே பதில் சொல்ல முடிகிறது. 33 மி.மீ. டயர் ஒரு முறை உருண்டால் ஏறத்தாழ 2.1 மீட்டர் நகரும். உங்கள் மிகச் சிறிய கியரான 40/32-இல் (முன்னால் 40 பல், பின்னால் 32 பல்) பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் 2.6 மீட்டர் போவீர்கள். நிமிடத்துக்கு 60 சுழற்சி என்றால் வேகம் மணிக்கு ஏறக்குறைய 9.5 கி.மீ. சைக்கிளையும் உடைகளையும் சேர்த்து மொத்தம் 83 கிலோ என்று கொண்டால், 15 சதவீதச் சரிவில் அந்த வேகத்தைத் தக்கவைக்கப் புவியீர்ப்புக்கு எதிராக மட்டுமே 315 வாட் அளவு செலவாகும். சேறு இழுத்துக்கொள்வது அதற்கு மேல். முதல் சுற்றில் இதைச் செய்துவிடலாம். நான்காம், ஐந்தாம் சுற்றில் சுழற்சி 45-க்கு இறங்கி, பெடல் ஒவ்வொரு முறை கீழே போகும்போதும் பின்சக்கரம் வழுக்கத் தொடங்கும்.

எனவே கியரை இறக்குங்கள். கேசட்டை மாற்றுவதைவிட, முன்பல்சக்கரத்தை 36 பற்களுக்கு மாற்றுவது எளிது. பின் டெரெய்லர் (சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் பாகம்) பெரிய கேசட்டை ஏற்குமா என்ற கவலையும் இல்லை. சங்கிலியின் நீளத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 36/32-இல் அதே 60 சுழற்சிக்கு வேகம் மணிக்கு 8.5 கி.மீ. ஆகிறது; தேவைப்படும் ஆற்றலும் 285 வாட் அளவுக்குக் குறைகிறது. இறக்கத்தில் வேகம் போதாமல் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். 36/11-இல் 90 சுழற்சிக்கு மணிக்கு 37 கி.மீ. கிடைக்கும், நீங்கள் சொல்லும் இறக்கத்தில் பெடலைச் சுற்ற நேரமே இருக்காது.

மிதிப்பதா, ஓடுவதா என்பதில் பலரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இறங்கி ஓடினாலும் மேலே கொண்டுபோகும் எடை அதே 83 கிலோதான். ஓட்டம் இளைப்பாறல் அன்று. நிலம் பிடிமானம் தருகிறவரை, மணிக்கு 8 கி.மீ.க்குக் குறையாமல் போக முடிகிறவரை, உட்கார்ந்தபடியே மிதியுங்கள். எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மீதுள்ள பாரம் குறைந்து அது சுழன்றுவிடும். வேகம் அந்த அளவுக்குக் கீழே விழப்போகிறது என்று தெரிந்தால், விழுவதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும். சைக்கிள் நின்றுபோன பிறகு இறங்குகிறவர், சரிவின் நடுவில் பூஜ்ய வேகத்திலிருந்து ஓட்டத்தைத் தொடங்குகிறார். பந்தயத்தில் மிக அதிக விலை கொடுக்கும் இடம் அதுவே. பெல்ஜியத்தின் நாமூர் கோட்டைக் குன்றில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயங்களைப் பார்த்தால், முன்னணி வீரர்கள்கூட ஒரே மேட்டை ஒரு சுற்றில் மிதித்தும் அடுத்த சுற்றில் ஓடியும் ஏறுவதைக் காணலாம். கௌரவம் பார்த்து மிதிப்பவர் அங்கே பின்தங்கிவிடுகிறார்.

---

தோள்சுமை

கியர் பற்றிக் குன்றோடி சொன்னது சரி. எட்டு வாரங்கள் பற்றி நான் சொல்கிறேன். சாலையிலிருந்து வருபவர்களுக்கு நுரையீரலும் தொடையும் பெரும்பாலும் தயாராகவே இருக்கும். கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும்தான் தயாராக இருப்பதில்லை. படியேறி ஓடும்போது முன்பாதம் மட்டுமே பதிகிறது. குதிகால் காற்றில் தொங்குகிறது. ஆண்டுக்கணக்கில் ஓடாதவர் முதல் வாரத்திலேயே மேட்டில் வேகமாக ஓடினால், இரண்டாம் வாரத்தில் நடக்கவே சிரமப்படுவார். ஆகவே முதல் இரண்டு வாரங்களும் சமதளத்தில், வாரத்துக்கு இருமுறை, பத்து நிமிட மெதுவோட்டம் போதும். மூன்றாம் வாரத்திலிருந்து மேட்டுக்கு மாறி, இருபது விநாடி ஏறி ஓடி, நடந்து இறங்கி, மீண்டும் ஓடுங்கள். ஐந்தாம் வாரத்துக்கு முன்னால் சைக்கிளைத் தோளில் ஏற்ற வேண்டாம். ஓட்டமில்லாத நாட்களில் படி விளிம்பில் நின்று குதிகாலைத் தாழ்த்தி உயர்த்தும் பயிற்சியையும், ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளில் செய்யும் பயிற்சியை இந்தத் தடத்தின் வடிவத்துக்கே பொருத்த வேண்டும். நீளமான சீரான ஏற்றங்கள் இங்கே பெரிதாக உதவா. இரண்டு அல்லது மூன்று நிமிடம் வலுவாக ஏறி, உச்சியில் உடனே இறங்கி, முப்பது விநாடி ஓடி, தாவி ஏறி, மூச்சு அடங்குவதற்குள் மறுபடி மிதிக்கத் தொடங்குவதை ஒரு தொகுதியாக வைத்து, இடையில் நல்ல ஓய்வுடன் நான்கைந்து தொகுதிகள் செய்யுங்கள். வாரத்துக்கு ஒருமுறை இது போதும். இன்னொரு நாள் 40 விநாடி வேகம், 20 விநாடி தளர்வு என்ற குறும்பயிற்சி. மற்ற நாட்கள் உண்மையிலேயே இலேசாக இருக்கட்டும். கடினமான நாட்களை மூன்றாக்குவோர்தான் கடைசி வாரத்தில் சோர்ந்துபோய் இங்கே வந்து கேள்வி கேட்கிறார்கள்.

தூக்கும் முறையைப் புல்வெளியில் மெதுவாகப் பழகுங்கள். இடப்புறமாக இறங்கி, வலக்கையால் கீழ்க்குழாயைப் பற்றி உயர்த்தி, மேற்குழாயை வலத்தோளில் கழுத்துக்கு நெருக்கமாக வையுங்கள். பிறகு அந்தக் கையைக் கீழ்க்குழாய்க்கு அடியால் முன்னே நீட்டி, ஹாண்டில்பாரின் இடப்பக்க வளைவைப் பிடித்துக்கொண்டால் முன்சக்கரம் ஆடாது. இடக்கை வீசி ஓடுவதற்கு விடுபட்டிருக்கும். தண்ணீர்ப் புட்டித் தாங்கியைக் கழற்றிவிடுங்கள், தோளுக்கு இடைஞ்சல் அதுதான். ஷூவின் முனையில் இரண்டு கூர்முளைகள் திருகும் வசதி இருந்தால் கட்டாயம் பொருத்துங்கள். மண்படிகளில் அவை இல்லாமல் ஓடுவது எண்ணெய் தடவிய பலகையில் ஓடுவது போன்றது.

திரும்ப ஏறும்போது சீட்டின் மேல் குதிக்காதீர்கள். வலத்தொடையின் உட்புறம் முதலில் சீட்டைத் தொட்டு, பிறகு உடல் வழுக்கி நடுவுக்கு வர வேண்டும். படிகளின் உச்சி வந்ததும் எல்லோரும் ஒரு மூச்சு இழுத்துவிட்டு ஏறுகிறார்கள். அந்த இரண்டு மூன்று விநாடிகளில்தான் இடைவெளி விழுகிறது.

---

சரிவுநடை

டயர், பிரேக் பற்றி யாரும் பேசவில்லை. மலைப்பாங்கான பந்தயம் என்றவுடன் சிலர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1961-இல் தொடங்கிய த்ரீ பீக்ஸ் சைக்ளோகிராஸ் பந்தயத்துக்கான அறிவுரைகளைத் தேடிப் படித்துவிட்டு, அவற்றை இங்கே பொருத்தப் பார்ப்பார்கள். அது 61 கி.மீ. நீளமும் ஏறத்தாழ 1500 மீட்டர் ஏற்றமும் கொண்டது. மூன்று மலைகளின் கற்பாதைகளில் டயர் கிழியாமல் கரைசேர்வதே பெரும்பாடு. அதற்குச் சொல்லப்படும் தடித்த டயரும் அதிகக் காற்றழுத்தமும் உங்கள் மண்சரிவுக்குப் பொருந்தா. நீங்கள் செய்ய வேண்டியது நேர்மாறானது.

72 கிலோவுக்கு டயர் காற்றழுத்தத்தை 25 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அளவில் தொடங்குங்கள். தடத்தின் கரடுமுரடான இறக்கத்தில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு பிஎஸ்ஐயாகக் குறைத்துக்கொண்டே போங்கள். ரிம் எப்போதாவது தரையில் தட்டும் ஒலி கேட்டால் ஒன்று கூட்டி நிறுத்திவிடுங்கள். சேறாக இருந்தால் அது 20-க்கு அருகில் வந்து நிற்கக்கூடும். பின்சக்கரத்துக்கு முன்சக்கரத்தைவிட ஒன்றிரண்டு கூடுதலாக வையுங்கள். பம்புக்குப் பம்பு அளவுகாட்டி வேறுபடும். எனவே எப்போதும் ஒரே கருவியால் அளப்பதே முறை. மாற்றுச் சக்கரங்களில் வேறு வகை டயர் இருக்கட்டும்: ஒரு ஜோடியில் இடைவெளி விட்ட உயரமான முளைகள் கொண்ட சேற்று டயர், மற்றதில் தாழ்ந்த முளை டயர். எதை முதலில் மாட்டுவது என்பதைப் பந்தய நாள் காலையில் முடிவு செய்யுங்கள். 33 மி.மீ. என்பது பன்னாட்டு விதியின் உச்ச அளவும்கூட; உள்ளூர்ப் பந்தயங்கள் சில அதைவிட அகலமானதை அனுமதிக்கின்றன, விதியைப் படித்துப் பாருங்கள்.

டிஸ்க் பிரேக்கில் ரெசின் (பிசின் கலவை) பட்டைகள் இருந்தால், மணல் கலந்த ஈரச்சேற்றில் அவை ஒரே பந்தயத்தில் தேய்ந்து தீர்ந்துவிடக்கூடும். உலோகக் கலவைப் பட்டைகள் ஓசை எழுப்பும், ஆனால் நீடிக்கும். மாற்றியபின் சில முறை வலுவாகப் பிடித்து விட்டு அவற்றைப் பழக்கப்படுத்துவது முக்கியம். புதுப்பட்டையோடு நேராகச் செங்குத்து இறக்கத்துக்குப் போகக் கூடாது.

குறுக்குச் சரிவில் தொடக்கக்காரர் உடலை மேட்டுப்பக்கம் சாய்க்கிறார். சக்கரங்கள் உடனே கீழ்ப்பக்கம் வழுக்கிப் போய்விடுகின்றன. சைக்கிளை மேட்டுப்பக்கம் சாயவிட்டு, உடலைப் பள்ளத்துப்பக்கமாக நிறுத்தி, பள்ளத்துப்பக்கப் பெடலில் முழு எடையையும் வையுங்கள். முன்பிரேக்கைத் தொடவே வேண்டாம். வேகத்தைச் சரிவுக்குள் நுழைவதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும். தேவைப்பட்டால் மேட்டுப்பக்கக் காலைப் பெடலிலிருந்து கழற்றித் தரையைத் தொட்டபடி போகலாம். நுழையும்போது முடிந்தவரை உயரமான கோட்டில் நுழையுங்கள், ஏனெனில் வழுக்கினால் கீழே இறங்க இடம் இருக்கும். மேலே ஏற இடம் கிடைக்காது.

---

மண்சக்கரம்

மூவருக்கும் மிக்க நன்றி. 36 பல் சக்கரத்துக்கு மாறிவிடுகிறேன். முளைகள் இல்லாத ஷூவையும் மாற்றுகிறேன். இன்னொரு கேள்வி. தொடக்க நேர்தடம் ஏறத்தாழ 200 மீட்டர். அது முடிந்ததும் அந்தக் குறுகலான 15 சதவீத ஏற்றம் வந்துவிடுவதால், தொடக்கத்தில் முழு வேகத்தில் பாய்ந்து முன்னால் போவதா, அடக்கி வாசிப்பதா?

---

குன்றோடி

பாய வேண்டும். குறுகிய ஏற்றத்தில் முன்னால் ஒருவர் வழுக்கி நின்றால் பின்னாலுள்ள அத்தனை பேரும் இறங்கித் தள்ள வேண்டும். முதல் பத்துப் பதினைந்து இடங்களுக்குள் நுழைந்தவர்கள் மிதித்து ஏறிக்கொண்டிருக்க, மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். முதல் சுற்றில் அப்படி இழக்கும் முப்பது விநாடியைப் பிறகு மீட்பது அரிது.

---

தோள்சுமை

இங்கே நான் உடன்படவில்லை. முன்வரிசையில் இடம் கிடைப்பவர்களுக்குத்தான் அந்த அறிவுரை பொருந்தும். இவருக்கு இந்தப் பந்தயத் தொடரில் புள்ளிகள் இல்லையெனில் தொடக்க வரிசையின் பின்பகுதியில்தான் நிறுத்துவார்கள். இருநூறு மீட்டரில் பின்வரிசையிலிருந்து முதல் பதினைந்துக்குள் வருவது நடக்காத காரியம். முயன்றால் ஏற்றத்தின் அடியில் கால்கள் எரிந்துபோய், எப்படியும் நெரிசலில்தான் நிற்பார். சமதளத் தடத்தில் அந்தக் கடனை அடுத்த திருப்பங்களில் அடைத்துவிடலாம். இந்தத் தடத்தில் அடுத்தது புல்சரிவு, அதன் பின் படிகள். மூச்சு வாங்க இடமே இல்லை.

பின்வரிசை என்றால் இப்படிச் செய்யலாம். நேர்தடத்தில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தன் இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்காமல் போக வேண்டும். ஏற்றத்தின் அடியில் நெரிசல் தொடங்குவதைக் கண்டதும், மற்றவர்கள் மிதித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கி, சைக்கிளைத் தோளிலேற்றி, ஓரமாக ஓடிவிட வேண்டும். அந்த ஒரு ஏற்றத்தில் பத்துப் பேரைத் தாண்டலாம்.

---

குன்றோடி

பின்வரிசை என்றால் நீங்கள் சொல்வதே சரி. முன்வரிசை கிடைத்தால் என் சொல்லைக் கேட்கட்டும். வரிசை எப்படி ஒதுக்குகிறார்கள் என்பதை அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில பந்தயங்களில் பதிவு செய்த வரிசையிலேயே நிறுத்துகிறார்கள்.

---

சரிவுநடை

கடைசிப் பத்து நாட்கள் பற்றி ஒரு குறிப்பு. பயிற்சி நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஆனால் குறுகிய வேகப் பாய்ச்சல்களை விட்டுவிடாதீர்கள். ஓட்டப் பயிற்சியைப் பந்தயத்துக்கு ஐந்து நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், கெண்டைக்கால் வலி மெதுவாகத்தான் விலகும்.

பந்தய நாளில் தடத்தைப் பார்வையிட அனுமதிக்கும் நேரத்தில் இரண்டு சுற்றாவது போங்கள். முதல் சுற்று மெதுவாக, சந்தேகமான இடங்களில் நின்று நடந்து பார்த்தபடி. இரண்டாவது சுற்றில் அந்த 15 சதவீத ஏற்றத்தை ஒருமுறை மிதித்தும், திரும்பி வந்து ஒருமுறை ஓடியும் நேரம் பாருங்கள். உங்களுக்கு முன்னால் வேறு பிரிவினரின் பந்தயம் நடந்தால், அது முடிகிற தறுவாயில் அதே ஏற்றத்தின் ஓரத்தில் போய் நின்று கவனியுங்கள். காலையில் நீங்கள் ஓட்டிய கோடு அதற்குள் உழுது கெட்டிருக்கும்; வேலிக் கயிற்றை ஒட்டிய புல் இன்னும் மிதிபடாமல் இருக்கலாம். மாற்றுச் சக்கரங்களைப் பிட் பகுதியில் (பந்தயத்தின் நடுவே சைக்கிளையோ சக்கரத்தையோ மாற்றும் இடம்) வைக்கும்போது, டயரில் காற்று நீங்கள் தீர்மானித்த அளவில் இருக்கிறதா என்று மறுபடி அளந்துவிட்டு வையுங்கள்.