கலைச்சொல் வேண்டும்: சார்ஜிங் பாயிண்ட், ஸ்டேஷன், பூல்

க. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

மின்வண்டிகளுக்குச் சார்ஜ் போடும் வசதியை அரசும் தனியாரும் சேர்ந்து முதல் போட்டு அமைப்பது எப்படி என்று ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒப்பந்த அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மூலத்தில் மூன்று சொற்கள் அடுக்காக வருகின்றன. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிக்கு மின்சாரம் தரக்கூடியது ‘பாயிண்ட்’. அதில் இரண்டு வகைச் செருகிகள் தொங்கலாம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் என்றால் கணக்கில் அது ஒன்றே. இப்படி ஒன்றோ பலவோ பாயிண்ட் கொண்ட பெட்டி ‘ஸ்டேஷன்’. ஓரிடத்தில் இருக்கும் ஸ்டேஷன்கள் எல்லாம் சேர்ந்தால் ‘பூல்’. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 விதியிலும் இதே மூன்றடுக்குதான்.

செய்திகளில் மூன்றையும் ‘சார்ஜிங் நிலையம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் அது செல்லாது. பத்து நிலையத்துக்கு மானியம் என்று எழுதினால் பத்து வண்டிக்கா, பத்துப் பெட்டிக்கா, பத்து இடத்துக்கா என்று நீதிமன்றம்வரை போவார்கள்.

கூடுதல் செய்தி: வண்டியில் செருகும் செருகியைக் களத்தில் ‘கன்’ என்பார்கள். கணினி தந்த வரைவில் ‘இரண்டு துப்பாக்கிகள் பொருத்திய நிலையம்’ என்று ஒரு வரி இருக்கிறது. முதலீட்டாளர் அதைப் படித்தால் அந்தப் பக்கமே வரமாட்டார்.

ந. எழுதியது:

க., அவசரம் என்றால் சார்ஜிங் பாயிண்ட் என்றே போட்டுவிடுங்கள். களத்தில் வேலை செய்கிற எவரும் வேறு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. கேபிள், கன், சாக்கெட், சார்ஜர், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சுவரில் மாட்டும் ஏசி (மாறுமின்சார) பெட்டியை ‘மின்னேற்றி’ என்று எழுதிவிடாதீர்கள். 7 கிலோவாட், 22 கிலோவாட் ஏசி பெட்டிகள் மின்சாரத்தை எதுவாகவும் மாற்றுவதில்லை. வண்டியோடு பேசும், பாதுகாப்பைச் சரிபார்க்கும், சுவிட்சைப் போடும், அணைக்கும். ஏசியை டிசியாக்கி (நேர்மின்சாரமாக்கி) பேட்டரிக்குள் அனுப்புகிற உண்மையான சார்ஜர் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. டிசி பெட்டியில்தான், அதாவது 50 முதல் 350 கிலோவாட் வரை தருகிறவற்றில், அந்த வேலை வெளியே நடக்கிறது. அதனால்தான் அதன் விலை பல மடங்கு.

தி. எழுதியது:

அன்பர் ந. களத்தைக் காட்டி மொழியை மிரட்டுகிறார். களத்தில் ‘சார்ஜ்’ என்ற ஒரு சொல் எத்தனை வேலை பார்க்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பேட்டரியில் இருப்பதும் சார்ஜ். அதற்குக் கொடுக்கும் பணமும் சார்ஜ். மின்கட்டணத்தில் ‘டிமாண்ட் சார்ஜ்’ என்று இன்னொன்று. பதவி ஏற்பதும் சார்ஜ் எடுப்பதுதான். ‘சார்ஜ் எவ்வளவு?’ என்று கேட்டால் நூற்றில் எவ்வளவு என்பதா, எத்தனை பணம் என்பதா? இதைத்தான் தெளிவு என்கிறீர்களா?

என் பரிந்துரை ‘ஊட்டு’. மின்னூட்டு நிலையம், மின்னூட்டு முனை. ஊட்டுதல் என்பதில் கொடுப்பவர், கொள்பவர் இருவரும் இருக்கிறார்கள். உள்ளே போவதால் ஆற்றல் வருகிறது. ஏற்றுதல் வெறும் சுமை. வண்டிமேல் மூட்டையையும் ஏற்றலாம்.

இன்னொன்று. க. தம்பி ‘உள்கட்டமைப்பு’ என்று எழுதியிருக்க வாய்ப்புண்டு. ளகர மெய்க்குப் பின் வல்லினம் வந்தால் டகரமாகும். ‘உட்கட்டமைப்பு’ என்று திருத்திக்கொள்க.

யா. எழுதியது:

தி. ஐயா, எங்கள் இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு ‘ஏற்றம்’ என்றால் அணுத்துகளின் ஏற்றம். நேரேற்றம், மறையேற்றம் என்று சின்ன வகுப்பிலேயே வந்துவிடும். தமிழ்நாட்டில் ‘மின்னூட்டம்’ என்று படித்தவர்களுக்கும் அதே பொருள். ஆக இரண்டு சொல்லும் இயற்பியலில் ஏற்கெனவே குடியேறிவிட்டன.

ஆனால் நிறைந்த பேட்டரிக்கு நிகர மின்னேற்றம் என்று எதுவும் கிடையாது. நேரும் மறையும் சரிக்குச் சரி. அதில் சேர்வது வேதியாற்றல். அந்தக் கணக்கில் பார்த்தால் ஊட்டமும் தவறு, ஏற்றமும் தவறு. ‘நிரப்பு’தான் பொருந்தும்.

தி. எழுதியது:

நிரப்புவதற்குப் பேட்டரி என்ன குடமா?

வேரை நோக்கிப் போவோம். ஆங்கிலத்துச் சார்ஜ் என்பது பிரெஞ்சு வழி வந்தது; அதற்கு முன் பிற்கால இலத்தீனில் ‘வண்டியில் பாரம் ஏற்றுதல்’ என்ற வினை. அந்த வினைக்கு அடி, வண்டி என்று பொருள்படும் ‘கார்ரஸ்’. ‘கார்’ என்ற சொல்லும் அதே அடியில் பிறந்ததுதான். ஆக, காருக்குச் சார்ஜ் போடுவது என்றால் வண்டிக்கு வண்டியேற்றுவது! தங்கள் சொல்லின் பழம்பொருளை அவர்களே மறந்துவிட்ட பிறகு, நாம் ஏன் ‘ஏற்று’ என்று அவர்களுடைய மூட்டையைச் சுமக்க வேண்டும்?

யா. எழுதியது:

வேர்ச்சொல் என்று பார்த்தால் சப்பானியர் நம்மைவிடத் தேவலை. அவர்கள் வேகமின்னேற்றத் தரத்துக்கு வைத்த ‘சாடெமோ’ என்ற பெயர் பாதி ஆங்கிலச் சுருக்கம், பாதி சிலேடை. ‘தேநீராவது குடிக்கலாமா’ என்பது போல அவர்கள் காதில் விழுமாம், சார்ஜ் ஏறும் நேரத்துக்குள் ஒரு தேநீர். இழுபறி இல்லை, எல்லோரும் சிரித்துவிட்டு ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

நாமும் பாரியிடம் போகலாமே. தேரைக் கொண்டுபோய் நிறுத்தினான், கொடி வந்து பற்றிக்கொண்டது. கேபிளுக்குக் ‘கொடி’ என்று பெயர் வைத்தால் என்ன?

தி. எழுதியது:

பாரியின் தேரில் கொடிதான் தேரிடமிருந்து பெற்றது. இங்கே தேர் கொடியிடமிருந்து பெறுகிறது. உவமை தலைகீழ். தவிர ‘மின்கொடி’ என்றால் மின்னல். மழைக்காலத்தில் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே வண்டியை யார் நிறுத்துவார்?

செ. எழுதியது:

மன்னிக்க வேண்டும், நான் பொதுநிதி ஆள், இலக்கணம் அரைகுறை. க. கேட்டது ஒப்பந்தத்தில் எண்ணுவதற்கான சொல். அதைவிட்டு எங்கோ போய்விட்டோம்.

பணம் எந்த அலகில் எண்ணப்படுகிறதோ, அந்த அலகில்தான் ஏமாற்றும் நடக்கும். அமெரிக்காவில் 2021 சட்டத்தின்கீழ் நெடுஞ்சாலை மின்னேற்றத்துக்கென்று 500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2023இல் வந்த தரவிதியில் ஓரிடத்துக்குக் குறைந்தது நான்கு ‘போர்ட்’ (க. சொன்ன ‘பாயிண்ட்’தான்), ஒவ்வொன்றும் 150 கிலோவாட், ஒவ்வொன்றும் 97% நேரம் இயங்க வேண்டும் என்றிருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாளுக்குமேல் எந்தப் போர்ட்டும் படுத்துவிடக் கூடாது. இதையே ‘நிலையம்’ என்று எழுதினால், நான்கில் மூன்று செத்துக்கிடந்தாலும் நிலையம் இயங்கியது என்று அறிக்கை கொடுப்பார்கள். ஐரோப்பிய விதி பெரும்பாதைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒரு ‘பூல்’, 2025 இறுதிக்குள் ஒவ்வொன்றும் 400 கிலோவாட், 2027 இறுதிக்குள் 600 என்று மொத்தத் திறனை வைத்து எண்ணுகிறது. இரண்டு அரசும் இரண்டு வேறு படியில் நின்று எண்ணுகின்றன. சொல் குழம்பினால் பணம் குழம்பும்.

தனியார் ஏன் தானாக வரமாட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதற்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. 150 கிலோவாட் பெட்டி ஒன்றில் மாதம் முழுக்க ஒரே ஒரு வண்டி வந்து அரைமணி நேரம் முழுவேகத்தில் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். விற்றது 75 கிலோவாட் மணி. ஆனால் மின்நிறுவனம் அந்த மாத உச்சத்தை வைத்து டிமாண்ட் சார்ஜ் போட்டால் 150 கிலோவாட்டுக்கும் கட்ட வேண்டும். மின்மாற்றி, பள்ளம் வெட்டிக் கேபிள் இழுப்பது எல்லாம் முதல் வண்டி வருவதற்கு முன்பே ஆன செலவு. வண்டி அதிகம் ஓடாத பாதையில் இது பல ஆண்டுக்குக் கட்டுப்படியாகாது. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட அரசு தரும் பணத்தை ஆங்கிலத்தில் ‘வயபிலிட்டி கேப் ஃபண்டிங்’ என்பார்கள்; தமிழில் ‘நம்பகத்தன்மை இடைவெளி நிதி’ என்று எங்கோ பார்த்தேன். யார் யாரை நம்பவில்லையோ தெரியவில்லை. ‘கட்டுப்படி நிதி’ என்றால் கடைக்காரருக்கும் புரியும்.

அப்புறம் ‘பொது’. மூலத்தில் ஒரே சொல் இரண்டு பொருளில் வருகிறது. யார் வேண்டுமானாலும் வந்து சார்ஜ் போடலாம் என்பது ஒன்று. அரசுப் பணம் என்பது இன்னொன்று. தனியார் கட்டியது எல்லோருக்கும் திறந்திருக்கலாம். அரசு கட்டியது அரசு வண்டிக்கு மட்டும் என்று பூட்டியிருக்கலாம். பயன்பாட்டுக்குப் ‘பொது’, பணத்துக்கு ‘அரசு’ என்று பிரித்துவிடுங்கள். ‘பொது முதலீடு’ வேண்டவே வேண்டாம்.

க. எழுதியது:

செ. அம்மா, மிக்க நன்றி. ‘கட்டுப்படி நிதி’யை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பொது, அரசு பிரிப்பும் சரி. இப்போது மூன்று சொல்?

தி. எழுதியது:

ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்றால் தமிழில் அருமையான சொல் இருக்கிறது: தறி. கட்டுத்தறிக்கு ஒரு யானை. மின்தறி.

ந. எழுதியது:

ஐயா, மின்தறி என்றால் நெசவு. மானியத்துக்கு நெசவாளர்கள் வரிசையில் நிற்பார்கள்.

தி. எழுதியது:

அப்படியானால் துறை. படகு ஒதுங்குமிடம் படகுத்துறை. வண்டி ஒதுங்குமிடம் மின்னூட்டுத்துறை. இங்கே ‘ஊட்டு’ முதனிலைத் தொழிற்பெயர், ஆகவே ஒற்று மிகும். வினைத்தொகையாகக் கொண்டால் ‘மின்னூட்டுதுறை’ என்று மிகாமல் எழுத வேண்டும். நான் முதலாவதையே ஆதரிக்கிறேன். விரும்புவோர் இதன்மேல் தனி இழை தொடங்கலாம்.

ந. எழுதியது:

‘மின்னூட்டுத்துறை’ என்று பலகை வைத்தால் உள்ளே ஒரு செயலாளர் உட்கார்ந்திருப்பதாக நினைத்து மனுவோடு வருவார்கள். ‘முனை’யும் ஆகாது. ஒரு பாயிண்டில் இரண்டு கன் தொங்கினால் ஒப்பந்தக்காரர் இரண்டு முனை என்று பில் போடுவார். கண்ணுக்குத் தெரிவது அதுதானே.

செ. எழுதியது:

சொல்லுக்குச் சொல் போகாமல், ஆள் நேரில் எதைப் பார்க்கிறார் என்று பார்ப்போமா? சாலையிலிருந்து திரும்பி உள்ளே நுழைகிற மொத்த இடத்தைத்தான் மக்கள் நிலையம் என்பார்கள். பேருந்து நிலையம் என்றால் ஒரு நடைமேடை இல்லையே. ஆகவே மூலத்தின் ‘பூல்’தான் தமிழில் நிலையம். அவர்களுடைய ‘ஸ்டேஷன்’ நமக்குப் பெட்டி. ஒரு வண்டி நின்று சார்ஜ் எடுப்பது இடம், ஏற்றிடம். பத்து ஏற்றிடம் என்றால் பத்து வண்டி. யாரும் இரண்டாக எண்ண முடியாது.

யா. எழுதியது:

‘நீரேற்று நிலையம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் ‘மின்னேற்று நிலையம்’ காதுக்கு உறுத்தாது. ‘மின் நிலையம்’, ‘துணைமின் நிலையம்’ ஆகியவற்றோடும் குழம்பாது. ஏற்றம் பற்றிய என் இயற்பியல் முறைப்பாட்டை மீளப் பெறவில்லை, ஆனால் வழிமறிக்கவும் இல்லை.

தி. எழுதியது:

நீரேற்று நிலையம் நீரைக் கீழிருந்து மேலே தூக்குகிறது. மின்சாரத்தை எந்த மேட்டுக்கு ஏற்றுகிறீர்கள்? மேலும் ‘ஏற்றிடம்’ என்பதில் இடம் என்பது மனையா, வண்டி நிற்கும் கோடா? செ. அம்மையார் தீர்த்ததாகச் சொன்ன குழப்பம் பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறது.

க. எழுதியது:

ஐயா, அந்தக் கேள்வி நியாயம். வரையறைப் பக்கத்தில் ‘ஏற்றிடம்: ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கு மட்டும் மின்னேற்ற வல்லது, செருகிகளின் எண்ணிக்கை கணக்கில் சேராது’ என்று எழுதிவிடுகிறேன். மனைக்குத் ‘தளம்’ என்று வைத்துக்கொள்கிறேன், நூல் முழுக்க ‘இடம்’ தனியாக வராமல் பார்த்துக்கொள்வேன்.

நாளை காலை அனுப்பப்போவது: மின்னேற்றிடம், மின்னேற்றுப் பெட்டி, மின்னேற்று நிலையம். கேபிள் கேபிளாகவே. கன் என்பது செருகி. ந. சொன்னபடி ‘மின்னேற்றி’ வண்டிக்குள் இருப்பதற்கும் டிசி பெட்டிக்கும் மட்டும். மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள்.

ந. எழுதியது:

சரி. களத்தில் பாயிண்ட் என்றுதான் சொல்லப்போகிறார்கள், இருந்தாலும் சரி.

யா. எழுதியது:

சரி.

தி. எழுதியது:

மறுப்பு உண்டு. ‘ஊட்டு’ தோற்றது வாதத்தில் அல்ல, வெள்ளிக்கிழமையிடம். இரண்டாம் பதிப்பு வரும்போது இந்த இழையை மீண்டும் எடுப்பேன். அதுவரை என் பெயரை நன்றிப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். ‘உட்கட்டமைப்பு’ மட்டும் டகரத்தோடு இருக்கட்டும்.