தைராய்டு மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். இறங்கவில்லை – தருமபுரி பக்கம் யாரைப் பார்ப்பது?

வணக்கம்ங்க. அம்மாவுக்கு வயது 52, எடை 62 கிலோ, ஊர் பாலக்கோடு. தைராய்டு குறைவு. தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) தினமும் 100 மைக்ரோகிராம் எட்டு மாசமா போடுறாங்க. எடைக்கு அந்த அளவு சரிதான் (கிலோவுக்கு சுமார் 1.6). ஆனா கடைசி ரிசல்ட்டில் டி.எஸ்.எச். (தைராய்டு குறைஞ்சா ஏறுற ஹார்மோன்) 14.2, ஃப்ரீ டி4 (ரத்தத்துல இருக்கற தைராய்டு ஹார்மோன்) 0.7. ஆன்டி டி.பி.ஓ. (தைராய்டை உடம்பே தாக்குறதைக் காட்டுற டெஸ்ட்) அதிகம். காலையில் முகம் வீங்குது, மலச்சிக்கல், குரல் கரகரப்பு, வெயில்லயும் குளிருதுங்கறாங்க.

வெறும் வயித்துல தண்ணியில மட்டும் போட்டு, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் டீ, கேழ்வரகுக் கூழ். கால்சியம், இரும்பு மாத்திரையை ராத்திரிக்கு மாத்தியாச்சு. நாலு மணி நேர இடைவெளி இல்லாட்டி தைராக்சினை உடம்பு சரியா இழுக்காது. அடுப்பு மேடையில இருந்த மாத்திரை டப்பா, சூடு படாம இப்ப பீரோவுக்குள்ள. முடிக்குப் போட்ட பயோட்டின் வைட்டமினை நிறுத்திட்டுத்தான் ரத்தம் குடுத்தோம், அது ரிசல்ட்டையே குழப்பும். பிராண்டும் மாத்தல. பாக்கி இருக்கறது நெஞ்செரிச்சலுக்குத் தினமும் போடுற பான்டோபிரசோல். அதுவும் தைராக்சின் சேர்றதைக் குறைக்கும். பார்த்த டாக்டர் அதைக் கேட்காம 125 ஆக்கலாம்ங்கறார்.

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ எண்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் டாக்டர்) எங்கே, எந்தக் கிழமை பார்க்கிறார்?