மறுமொழி: அடுத்தடுத்த கட்டடங்கள் மண் வழியே ஒன்றையொன்று ஆட்டுவதற்குக் கலைச்சொல்

> ‘அதிர்வுக் கடத்தல்’ என்றே போட்டுவிடலாமே அண்ணை. வீதியில் றோலர் ஓடினால் வீட்டு யன்னல் கண்ணாடி கடகடக்கிறது. அதுதானே விசயம்?

தம்பிக்கு வணக்கம்.

அதோடு நிறுத்த எனக்கு மனமில்லை. கண்டி வீதியில் றோலர் ஓடும்போது அதிர்வு மண்ணுக்குள் இறங்கி, அத்திவாரம் வழியாகச் சுவரேறி, யன்னலை உலுக்குகிறது. அது ஒருவழிப் போக்கு. அதற்குக் ‘கடத்தல்’ சரிதான். நாங்கள் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. நிலநடுக்கத்தில் ஒரு மாடிக் கட்டடம் ஆடும்போது தன் அத்திவாரத்தால் மண்ணைத் தள்ளுகிறது, இழுக்கிறது. அந்த அசைவு அலையாகப் போய்ப் பக்கத்துக் கட்டடத்தின் அத்திவாரத்தைத் தொடுகிறது. பக்கத்துக் கட்டடமும் அதேபோல் இங்கே அனுப்புகிறது. இரண்டும் தனித்தனியே நின்றால் ஆடும் ஆட்டம் ஒன்று, அருகருகே நின்றால் வேறு. சிலவேளை கூடும், சிலவேளை குறையவும் செய்யும். இளகிய மண், நெருங்கிய அத்திவாரங்கள், ஒன்றுக்கொன்று கிட்டிய அலைவுகாலம் (ஒருமுறை ஆடி முடிக்க எடுக்கும் நேரம்), மூன்றும் சேர்ந்துவிட்டால் விளைவு பலமாக இருக்கும். பெரிய கட்டடத்தின் அருகே சின்ன வீடு இருந்தால் மாற்றத்தைக் கூடுதலாக உணர்வது சின்னதுதான்.

அதிர்வின் இந்த இருவழிப் போக்கு சொல்லிலேயே தெரியவேண்டும், நடுவில் மண் இருப்பதும் தெரியவேண்டும். முன்பு ஒருவர் தந்த ‘அயலதிர்வு’ காதுக்கு இனிமை. ஆனால் அயலில் இருந்து வரும் அதிர்வு என்றுதான் எவரும் விளங்கிக்கொள்வார்; திரும்பவும் றோலர் கதைதான்.

நான் வைப்பது: மண்வழி இடைத்தாக்கம்.

தமிழ்நாட்டு நண்பர்கள் ‘தாக்கம்’ என்றால் பாதிப்பு என்று படிப்பார்கள், ‘இடைவினை’ என்பதே தெளிவு என்பார்கள். நிலநடுக்கப் பேச்சில் அந்தக் குழப்பம் வரக்கூடியதுதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே இலங்கையில் நியூட்டனின் மூன்றாம் விதியைத் தாக்கம், மறுதாக்கம் என்றே பள்ளியில் படிக்கிறோம். கிளிநொச்சியில் கட்டட வேலை மேற்பார்க்கும் பிள்ளைக்கு ‘இடைத்தாக்கம்’ உடனே பிடிபடும். ‘இடைவினை’யை இணைச்சொல்லாகப் பக்கத்தில் கொடுப்போம்.

ஒரேயொரு கட்டடத்துக்கும் அதன் மண்ணுக்கும் இடையே நடப்பது ‘கட்டட-மண் இடைத்தாக்கம்’. அப்புறம், பரிவையும் மோதலையும் இதனோடு கலக்கக் கூடாது. 1985 செப்டெம்பர் 19 நிலநடுக்கத்தின் மையம் மெக்சிக்கோ நகரில் இருந்து 350 கிலோமீற்றருக்கு அப்பால், பசிபிக் கரைப்பக்கம். ஆனாலும் நகரத்தின் அடியிலுள்ள பழைய ஏரிப்படுகைக் களி ஏறத்தாழ 2 செக்கன் அலைவுகாலத்தோடு ஆடியது. அதற்கு இசைவாக ஆடிய நடுத்தர உயரக் கட்டடங்களே அதிகம் விழுந்தன. அது பரிவு. போதிய இடைவெளி விடாமல் கட்டியவை ஒன்றையொன்று முட்டின. அது மோதல். மண்வழி இடைத்தாக்கம் இவற்றோடு சேர்ந்து வரலாம், ஆனால் இவை அல்ல.

மேசன்மாருக்கான கையேட்டில் இன்னொன்றும் எழுதவேண்டும். சுவர் வெடித்தால் உடனே அதிர்வைச் சாட்டக்கூடாது. மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் கருங்களி மாரியில் பொருமும், கோடையில் பிளக்கும். அங்கே வெடிப்புக்கு அதுவே போதும்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே விடும் இடைவெளிக்கு வவுனியா மேசன்மார் என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதும். ‘மோதல்’ பதிவில் அதையும் சேர்த்துவிடலாம்.