யூனிகோடுக்கு மாற்றிய பிறகு தேடலில் சில ஊர்ப் பெயர்கள் மட்டும் கிடைக்கவில்லை

கேள்வி: மதுரைப் பகுதிக் கடைகள், மருத்துவமனைகள், பேருந்துத் தடங்கள் உள்ள தகவல் தளம். பழைய பதிவுகள் யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் இருந்தன; மாற்றி மென்பொருள் கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தாயிற்று. திரையில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. தல்லாகுளம், செல்லூர், புதூர் என்று தேடினால் கிடைக்கிறது. கோச்சடை, கோரிப்பாளையம், பொன்மேனி தேடினால் "முடிவு இல்லை" என்கிறது. தரவுதளம் மைஎஸ்க்யூஎல், எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்8எம்பி4. புதிதாகத் தட்டச்சு செய்த பதிவுகளில் இந்தச் சிக்கல் இல்லை.

பதில் 1: கிடைக்காத மூன்றிலும் ொ அல்லது ோ இருக்கிறது, கவனியுங்கள். வானவில்லில் கொம்பும் துணைக்காலும் தனித்தனி எழுத்துகள். உங்கள் மாற்றி அவற்றை அப்படியே இரண்டு குறிகளாக விட்டிருக்கும். இன்றைய விசைப்பலகைகளோ 'ோ'வை ஒரே குறியாகத் தருகின்றன. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு.

உறுதி செய்ய, பழைய பதிவின் 'கோச்சடை'யில் எத்தனை குறிகள் என்று மைஎஸ்க்யூஎல்லின் கேர்_லெங்த் (CHAR_LENGTH) கொண்டு எண்ணுங்கள். 7 வந்தால் சரி, 8 வந்தால் கொம்பும் காலும் பிரிந்திருக்கிறது.

தீர்வு, என்எஃப்சி (NFC) இயல்பாக்கம், அதாவது பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்ப்பது. அதற்கு பிஎச்பியில் நார்மலைசர் (Normalizer), பைத்தானில் யூனிகோட்டேட்டா (unicodedata) உண்டு. முதலில் நகல் எடுத்துக்கொண்டு தரவுதளத்தின் எல்லாப் பத்திகளிலும் (column) ஓட்டுங்கள். தேடல் பெட்டியில் வரும் சொல்லையும் இயல்பாக்கிய பிறகே ஒப்பிடுங்கள். பிறர் பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டுவது நிற்கப்போவதில்லை. கொம்புக்கு முன்னால் கால் வந்திருந்தால் என்எஃப்சி சேர்க்காது, வரிசையை முதலில் மாற்ற வேண்டும்.

கேள்வி கேட்டவர்: 8 தான் வந்தது. ஓட்டியதும் மூன்றும் கிடைக்கின்றன, மிக்க நன்றி. ஆனால் சௌராஷ்டிரா, கௌரி இன்னும் வரவில்லை.

பதில் 2: அது வேறு நோய். அங்கே 'ௌ'வின் வலப்பக்கக் குறியான கொம்புக்காலுக்குப் பதில், அதைப் போலவே தெரியும் 'ள' என்ற தனி எழுத்தே விழுந்திருக்கிறது: செளராஷ்டிரா, கெளரி. யூனிகோடைப் பொறுத்தவரை அது தவறில்லாத வேறு சொல், என்எஃப்சி தொடாது. 'ெள' எல்லாவற்றையும் 'ௌ' ஆக்கிவிடாதீர்கள். வடக்கு வெளி வீதி, வெள்ளி, தெளிவு எல்லாம் பாழாகும். ள-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் பட்டியலிட்டு, கண்ணால் பார்த்து மாற்றுங்கள். 'வெளக்கு' போன்ற பேச்சு வழக்குச் சொற்கள் அந்தப் பட்டியலில் வரும், அவற்றை விட்டுவிடுங்கள். 'ஔவை' என்பது 'ஒளவை' ஆவதும் இதே கதைதான்.

ஸ்ரீ-யையும் பாருங்கள். ஸ கொண்டும் ஶ கொண்டும் எழுதப்படுகிறது. இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், என்எஃப்சி ஒன்றாக்காது. கோயில் பெயர்களில் நிறைய வரும். தேடல் அட்டவணையில் ஒன்றாகக் கொள்ளுங்கள்.

பதில் 1: ஒன்று விட்டுப்போயிற்று. பக்க முகவரிகளில் தமிழ் இருந்தால் இயல்பாக்கத்துக்குப் பின் அவையும் மாறியிருக்கும். பழைய இணைப்புகளிலிருந்து புதியவற்றுக்கு 301 (நிரந்தர) திருப்பிவிடல் போடுங்கள்.