ஆஸ்திரிய-ஹங்கேரி உடைந்தது மொழியாலா, போராலா?

முத்தியால்பேட்டை:
யூபிஎஸ்சிக்கு உலக வரலாறு படிக்கிறேன். 1914ல் சுமார் 5 கோடிப் பேர் வாழ்ந்த ஆஸ்திரிய-ஹங்கேரி 1918 முடிவதற்குள் காணாமல் போய்விட்டது. பயிற்சி வகுப்பில் ‘பல இனம், பல மொழி, அதனால் உடைந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு ஒப்பவில்லை. மாஹேவில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு, இங்கேயும் காரைக்காலிலும் தமிழ், எல்லாவற்றுக்கும் புதுச்சேரியில் ஒரே சட்டமன்றம்தானே? அங்கே மட்டும் ஏன் முடியவில்லை?

மஞ்சக்குப்பம்:
நல்ல கேள்வி தம்பி. 1914ல் படைக்கு ஆள் திரட்டியபோது செக்கர், போலந்துக்காரர், குரோட்டியர் எல்லாரும் பெரும்பாலும் வந்து சேரத்தான் செய்தார்கள். தேசியத் தலைவர்களில் பலர் அப்போது கேட்டது பேரரசுக்குள்ளேயே கூடுதல் உரிமை, தங்கள் மொழியில் பள்ளிக்கூடம், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அதைக் கொன்றது பசி. பேரரசின் வடகிழக்கில் இருந்த கலீசியாவின் வயல்கள் போர்க்களமாகிவிட்டன, கடல்வழியை நேச நாடுகள் அடைத்துவிட்டன, தானியம் விளைந்த ஹங்கேரியோ ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொண்டது. 1918 ஜனவரியில் மாவு ரேஷனைக் குறைத்ததும் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தன் பங்கைப் பக்கத்து இனத்துக்காரன் தின்கிறான் என்று ரேஷன் வரிசையில் நிற்கிறவன் நினைக்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் எந்த மன்னரால் என்ன செய்ய முடியும்?

திருப்பாப்புலியூர்:
பசி சரி. ஆனால் 1867 ஒப்பந்தத்தை விட்டுவிட்டீர்களே அண்ணா. அதில் ஜெர்மானியரும் ஹங்கேரியரும் பேரரசை இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள், இரண்டு பேரும் சேர்ந்தாலும் மொத்த மக்களில் பாதிகூட இல்லை. ஆஸ்திரியப் பாதியில் 1907ல் வயதுவந்த ஆண்கள் எல்லாருக்கும் ஓட்டு வந்தது. ஹங்கேரியில் 100க்கு 6 பேர் அளவில்தான் ஓட்டு, ஸ்லோவாக், ருமேனியப் பிள்ளைகள் மேல் பள்ளியில் ஹங்கேரிய மொழித் திணிப்பு வேறு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச்சூட்டில் செத்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அது மனதில் எவ்வளவு காலம் கனன்றுகொண்டிருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முத்தியால்பேட்டை:
பேரரசர் கார்ல் 1918 அக்டோபரில் கூட்டாட்சி அறிவித்தாரே, அது ஏன் எடுபடவில்லை?

மஞ்சக்குப்பம்:
அக்டோபர் 16 அறிவிப்பு ஆஸ்திரியப் பாதிக்கு மட்டும்தான், ஹங்கேரியைத் தொடவே இல்லை. அமெரிக்க அதிபர் வில்சனும், ஜனவரியில் தன்னாட்சி என்று பேசியவர், இப்போது அது போதாது என்று பதில் அனுப்பிவிட்டார். 28ஆம் தேதி பிராகில் செக்கோஸ்லோவாக்கியா தனி நாடு என்று அறிவித்தார்கள், மறுநாள் சாக்ரெப்பில் குரோட்டியர் முதலான தென் ஸ்லாவியர் பிரிந்தார்கள், 31ல் ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் புரட்சி. இதே அறிவிப்பு பத்து வருஷம் முன்னாடி வந்திருந்தால் பேரரசு பிழைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

திருப்பாப்புலியூர்:
பத்து வருஷம் முன்னாடி புடாபெஸ்ட் விட்டிருக்குமா? ஆஸ்திரியாவில் கூட்டாட்சி வந்தால் அடுத்து ஸ்லோவாக்கும் ருமேனியரும் அதையே கேட்பார்கள் என்பது அங்கே நாடாளுமன்றத்தில் இருந்த நிலக்கிழார்களுக்கு நன்றாகத் தெரியும். ஓட்டையே தராதவர்கள் மாநிலம் தருவார்களா?