மறு: ஜியோகேஷிங்: வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

பர்மிங்காம் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வார இறுதித் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஹெரஃபோர்ட்ஷயரில் உள்ள கில்பெக் தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறோம். 1140ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டிய செம்மணற்கல் கோயில். கூரைவிளிம்பின் கீழே நாய், முயல், பேய்முகம் என்று செதுக்கிய தாங்கிகளில் 85 இன்னும் இருக்கின்றன. நிர்வாகத்திடம் அனுமதி பெற்றுச் சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு பிலிம் டப்பாவை ஒளித்துவைப்போம். பிள்ளைகள் தாங்கிகளை எண்ண வேண்டும். அந்த எண்ணைக் கொண்டு அகலக்கோடு, நெடுங்கோடு கணக்கிட்டு, ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் தேடி, டப்பாவுக்குள் இருக்கும் ஏட்டில் பெயர் எழுத வேண்டும். ஜியோகேஷிங் என்னும் இந்த விளையாட்டுக்குத் துண்டறிக்கையில் இப்போதைக்குப் "புதையல் வேட்டை" என்று போட்டிருக்கிறேன். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது.

சென்னை மென்பொருளாளர்:
புதையல் வேண்டாம் அக்கா. எதையும் மண்ணில் புதைக்கக் கூடாது என்பது அந்த விளையாட்டின் விதி. அதிலும் நீங்கள் போவது கல்லறைத் தோட்டம் உள்ள இடம். "புதையல்" என்று படித்துவிட்டு ஒரு பையன் மண்வெட்டியோடு வந்து நின்றால் குருவானவருக்கு யார் பதில் சொல்வது? ஜியோ என்றால் புவி. கேஷ் என்பதைக் கணினியில் பதுக்கு நினைவகம் என்கிறோம். அதே வேரில் "புவிப்பதுக்கல்" என்று வைத்துவிடலாம்.

யாழ்ப்பாணத்து அண்ணர்:
தம்பி, பதுக்கல் என்றால் எங்கள் தலைமுறைக்குச் சங்கக்கடை வரிசையும் பூட்டிய அரிசிக் கிடங்கும்தான் நினைவுக்கு வரும். ஒளித்துப் பிடித்து விளையாடுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒளித்த பொருளைத் தேடுவது "ஒளிபொருள் தேடல்". இதற்கு மேல் என்ன வேண்டும்?

மதுரைப் பேராசிரியர்:
பதுக்கலை அவ்வளவு எளிதில் தள்ளிவிடாதீர்கள். புறநானூற்றின் மூன்றாம் பாட்டில் "அம்புவிட வீழ்ந்தோர் வம்பப் பதுக்கை" வருகிறது. ஆறலைகள்வரின் அம்புபட்டு இறந்த வழிப்போக்கர்மேல் குவித்த கற்குவியல் அது. கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் கல்லிடுக்கில் மறைத்துவைத்த டப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எங்கே கிடைக்கும்? ஆனால் என் மனம் வேறொரு சொல்லில் நிற்கிறது. "பெற்றான் பொருள்வைப் புழி" என்றார் வள்ளுவர். வைப்பு + உழி = வைப்புழி. உழி என்றால் இடம். பொருளை வைக்கும் இடத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சொல் கைவசம் இருக்கிறது. தேடுபவர் வைப்புழியர்.

பர்மிங்காம் ஆசிரியை:
ஐயா, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு "உழி" தெரியாது. ஆசிரியைக்கே அகராதி வேண்டும்.

பாளையங்கோட்டை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
வைப்பு என்றாலே எங்கள் ஊரில் திண்ணைப் பேச்சு வேறு பக்கம் போய்விடும் ஐயா, விட்டுவிடுவோம். அம்மா துண்டறிக்கையில் "பங்குக் கோயில்" என்று எழுதியிருந்தால் ஒரு சொல். ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியைப் பங்கு என்பது கத்தோலிக்கர் வழக்கு. கில்பெக் இன்று இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சீர்திருத்தச் சபையார் அதைச் சேகரம் என்போம்.

யாழ்ப்பாணத்து அண்ணர்:
கட்டியபோது இங்கிலாந்து முழுவதும் ரோமின் கீழ்தானே இருந்தது? பதினாறாம் நூற்றாண்டில் மாறியதற்காகப் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுவருக்குச் சேகரம் என்று பெயர் வைக்க முடியாது.

மதுரைப் பேராசிரியர்:
அந்தத் தாங்கிகளின் படங்களைப் பார்த்தேன். நம் கோயில்களில் கொடுங்கை என்னும் வளைந்த கூரைவிளிம்புக்குக் கீழே வரும் பூதவரி, அதாவது பூதகணங்களின் வரிசை போலவே இருக்கின்றன. "தாங்கி" என்று தட்டையாகச் சொல்லாமல்...

சென்னை மென்பொருளாளர்:
ஐயா, வெள்ளிக்கிழமை!

கோவைத் தனித்தமிழ் அன்பர்:
தாமதமாக வருகிறேன். "புவி" வடசொல். ஞாலம் இருக்கும்போது அது எதற்கு? "ஞாலக்கரவு" என்பதே என் முடிவு. கரத்தல் என்றால் மறைத்தல்.

சென்னை மென்பொருளாளர்:
கரவு என்றால் வஞ்சகமும்தான். பள்ளிப் பாடத்திலேயே புவியியல் என்றுதான் இருக்கிறது. வடவெழுத்தை விலக்கிச் சொல்லை வாங்கிக்கொள் என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். அந்தக் கணக்கில் "சியோகேசிங்" என்று எழுதினாலும் குற்றமில்லை.

கோவைத் தனித்தமிழ் அன்பர்:
அப்படி ஒரு சொல்லை அச்சில் பார்ப்பதைவிடப் புதையலே மேல். இன்னொன்று. இந்த விளையாட்டு தொடங்கியது 2000 மே 3ஆம் நாள். குடிமக்களின் ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்திய மறுநாளே, ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியை வைத்தார். பாதி மண்ணுக்குள் புதைத்துத்தான் வைத்தார்! உள்ளே ஒரு பீன்ஸ் டின்கூட இருந்தது. புதைக்கக் கூடாது என்ற விதி அதற்குப் பிறகு வந்தது. வரலாற்றின்படி புதையல் என்பது பிழையே அல்ல.

சென்னை மென்பொருளாளர்:
வரலாறு சரி. கல்லறை?

பாளையங்கோட்டை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
எனக்கு ஒளிபொருள் போதும்.

பர்மிங்காம் ஆசிரியை:
எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. இன்று மாலை "ஒளிபொருள் தேடல்" என்று அனுப்பிவிட்டேன். அடைப்புக்குறிக்குள் ஜியோகேஷிங் என்றும் போட்டிருக்கிறேன். பெற்றோர் இணையத்தில் தேடிப் பார்க்க வேண்டுமல்லவா? அனைவருக்கும் நன்றி.

மதுரைப் பேராசிரியர்:
மகிழ்ச்சி. அச்சகத்தில் யாரும் நடுவில் "ப்" சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா. ஒளிபொருள் வினைத்தொகை, வலி மிகாது. ஒளிப்பொருள் என்று அச்சேறினால் பிள்ளைகள் மின்விளக்கைத் தேடுவார்கள். வைப்புழியில் இந்தத் தொல்லையே இல்லை.

கோவைத் தனித்தமிழ் அன்பர்:
அடைப்புக்குறிக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.